முப்பத்தேழு கிணறுகளின் படங்கள்

முழுப்பெயர்: சிங்கராசா நிறோஜன். வயது: 31. தொழில்: படப்பிடிப்பு நிலையம் நடத்துதல். முகவரி: கடற்கரை வீதி, கீரி, மன்னார். 2013.08.19 திங்கட்கிழமை காலை 10.20 மணிக்குத் தமிழில் கூறியது தமிழிலேயே பதியப்படுகிறது.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசிக்கிறேன். மன்னார் பஸாரில் ஆறு வருடமாக ஸ்ரூடியோ நடத்துகிறேன். பாலசிங்கம் மனோன்மணி என்பவர், தங்கள் ஊரின் படங்களை நான் வேண்டுமென்றே அழித்ததாக முறைப்பாடு செய்துள்ளார் என்று அறிவிக்கப்பட்டு இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். அழித்தது நான்தான். வேண்டுமென்று அழிக்கவில்லை.

மனோன்மணி அம்மா இலுப்பைத்தாழ்வைச் சேர்ந்தவர். 2007இல் இடம்பெயர்ந்து இப்போது உயிலங்குளத்தில் உறவினர் வீட்டில் இருக்கிறார். அந்த ஊரின் முப்பத்தேழு குடும்பங்களுக்கும் இன்னும் திரும்பிப் போக அனுமதி இல்லை. காணி உறுதிப் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. கடந்த ஜூன் மாதம் ஒருநாள் மட்டும் பார்த்துவர விட்டபோது வீடுகள் இருக்கவில்லை, அத்திவாரமும் கிணறும்தான் இருந்தன. அவருடைய மகள் துசாந்தினி, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கமராவால் ஒவ்வொரு வீட்டு வளவிலும் இரண்டு படம் எடுத்தார். ஒன்று அத்திவாரம். மற்றையது, வளவுக்காரர் கிணற்றுக்கட்டில் கை வைத்து நிற்பது. காணி விசாரணை ஓகஸ்ட் 12ஆம் திகதி என்று கடிதம் வந்தபடியால், அதற்கு முன்னர் ஒரு அல்பம் செய்து தரும்படி கேட்டார்கள்.

ஓகஸ்ட் 5ஆம் திகதி துசாந்தினி என் கடையில் உட்கார்ந்து படங்களை என் கணினிக்கு ஏற்றிப் பெயரிட்டார். வளவு இலக்கத்துக்கு முன்னால், கிணற்றுக்குப் பெரிய ஆங்கில எழுத்தும் அத்திவாரத்துக்கு அதே எழுத்தின் சின்ன வடிவமும் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, பெறுமதியானது கிணறுதான் என்று சிரித்தார். அதன் பின்னர் கமராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் அதிலிருந்த படங்களை அழித்துவிட்டார். மொத்தம் எழுபத்துநான்கு படங்கள்.

என் கணினி, ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் இங்கிருந்து போகும்போது விற்றது. அதன் வன்தட்டைப் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வெவ்வேறு பெயராகப் பார்க்கும் முறையில் அமைத்திருந்தார்கள். அதனால் எனக்கு அன்றுவரை ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

7ஆம் திகதி காலை ஒருவர் கடவுச்சீட்டு அளவில் படம் எடுக்க வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும், வெள்ளைச் சேட், தமிழ் நன்றாகப் பேசினார். பெயர் கதிர்காமு என்றார். அதையே ரசீதில் எழுதினேன். படம் எடுத்த பின்னரும் போகாமல் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு, திரையிலிருந்த கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்த ஊர், எப்போது விசாரணை என்று கேட்டார். சொன்னேன். அதன் பின்னர் அவர், "உது வேறை எங்கையும் கிடக்கோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை, இதிலை மட்டுந்தான்" என்றேன். எனக்கு வாய் சும்மா கிடக்காது. மனைவியும் இதைத்தான் சொல்வார்.

9ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பழைய மென்பொருளில் அல்பத்தின் பெரிய பக்கங்கள் வராதபடியால் கொழும்பிலிருந்து எடுப்பித்த புதிய மென்பொருளைக் கணினியில் போட முயன்றேன். இந்த முறையில் அமைந்த தட்டில் தன்னை நிறுவ முடியாது என்று அது மறுத்தது. வேறு வழி இல்லாமல், எல்லாவற்றையும் வெளித்தட்டு ஒன்றுக்குப் பிரதி செய்து, கணினியின் தட்டை முற்றாக அழித்து, மென்பொருள் கேட்கும் முறையில் மீண்டும் அமைத்தேன். வெளித்தட்டு பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பார்க்காத சாதாரண தட்டு. பிரதி செய்யும்போது, இதே பெயரில் ஒன்று இருக்கிறது, மாற்றவா என்று கணினி கேட்டது. துசாந்தினி தவறுதலாக இரண்டு தடவை ஏற்றிவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ஆம் என்று அழுத்தினேன். முடிந்ததும் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு இருந்தது. குடும்பமும் முப்பத்தேழு. சரி என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

10ஆம் திகதி காலை அல்பத்தைத் தொடங்கினேன். எல்லாம் அத்திவாரம். ஒரு கிணறும் இல்லை. வெளித்தட்டுக்கு இரண்டும் ஒரே பெயர் என்பதால், ஒவ்வொரு கிணற்றுப் படத்தின் மேலும் அதே வளவின் அத்திவாரப் படம் பதிந்துவிட்டது. மனோன்மணி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது கதிர்காமு என்பவர் படம் வாங்க வந்து நின்றார். நான் போனை வைத்ததும், "எல்லாம் அழிஞ்சு போட்டுதோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் என் தோளில் தட்டிவிட்டு உடனே போனார். தன் படங்களை வாங்கவில்லை.

12ஆம் திகதி விசாரணையில் வளவுக்காரர் நிற்கும் கிணற்றுப் படங்கள் இல்லாததால், அதிகாரிகள் நேரில் போய்க் கிணறுகளைப் பார்ப்பது என்று முடிவானது. 15ஆம் திகதி மடு மாதா கோயில் திருவிழா என்பதால் 16 என்று குறித்தார்கள். திருவிழா அன்று நான் மடுவில் படம் எடுத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் என் செலவில் வான் பிடித்து மனோன்மணி அம்மாவுடன் இலுப்பைத்தாழ்வுக்குப் போனேன்.

அங்கே ஒரு கிணறும் இருக்கவில்லை. அத்திவாரங்களும் இருக்கவில்லை. நிலம் மட்டமாக இருந்தது. புது மண், ஈரம் காயவில்லை, கனரக வாகனத்தின் தடங்கள் இருந்தன. கிண்டிப் பார்க்க வேறு அனுமதி எடுக்க வேண்டும் என்று வந்திருந்த அதிகாரிகள் சொன்னார்கள். மனோன்மணி அம்மா தன் வளவு என்று நினைத்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் மாறி மாறி நடந்தார். பின்னர் என்னிடம் வந்து, "தம்பி, ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். அவருடைய முறைப்பாட்டில் எனக்குக் கோபம் இல்லை.

கதிர்காமு என்பவர் தந்த தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. ஆனால் அவருடைய படம் கணினியில் ஒரே ஒரு கோப்பாக, அவர் பெயரில் இருந்தபடியால் அது அழியாமல் மிஞ்சியது. அச்சடித்த நான்கு படங்களையும் உறையுடன் இத்தால் ஒப்படைக்கிறேன்.

இதை எழுதும் உத்தியோகத்தர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்த பின்னர், இது வேறு எங்காவது இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை உண்மை சொல்லியிருக்கிறேன். இம்முறை பதில் சொல்ல விரும்பவில்லை. அதை அப்படியே பதியும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். நானும் வாங்கி ஒருமுறை வாசித்தேன். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, சொன்னது அவ்வளவும் உண்மை என்று ஏற்றுக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) சி. நிறோஜன்