இரண்டாவது விதியிலிருந்து

அந்த ஊரில் டீ நன்றாக இருக்காது. அதை ரிப்போர்ட்டிலேயே எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். விடிந்ததும் படகு ஏறப் போகிறவர்களுக்கு வாயில் வைக்க விளங்குகிற மாதிரி ஒரு டீ வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் வந்தவர்கள் மறுபடி வருவது இப்படிப்பட்ட சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. என் ரிப்போர்ட்டில் பொய் இருப்பதாகச் சந்தேகப்படுகிறீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். தேடிப் பாருங்கள், கிடைக்காது. தண்ணீரின் தெளிவு, ஆழம், நீரோட்டம் எல்லாம் நானே இறங்கி அளந்தவை.

நான் ஒரு டூர் கம்பெனிக்கு இடம் பார்த்துச் சொல்கிறவள். ஒரு கடற்கரை ஊர் ஸ்கூபா டைவிங்குக்குத் தேறுமா தேறாதா என்று முதலில் போய்ப் பார்ப்பது என் வேலை. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குவேன். அது கண்ணை விட்டு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்வேன். படகுகளைப் பார்ப்பேன், லாட்ஜ்களில் குழாயைத் திறந்து பார்ப்பேன், ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய் நேரம் பார்ப்பேன். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கையெழுத்துப் போடுகிற லைசென்ஸும் என்னிடம் உண்டு. எங்கள் பரம்பரையில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைப் பெருமையாகச் சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன இடத்திலெல்லாம் கோபமாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஊர் தேறினால் அங்கே கம்பெனி ஒரு டைவிங் சென்டர் திறக்கும், அதற்கு நான்தான் பொறுப்பாளர் என்று எங்கள் எம்.டி. சொல்லியிருந்தார். எழுதித் தரவில்லை, வாயால்தான் சொன்னார். அது எனக்குப் போதுமாக இருந்தது. என் அப்பாவுக்கும் போதுமாக இருந்தது. அவர் சிமென்ட் கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். செய்தி கேட்ட அன்றே கோடவுன் முழுக்க மிட்டாய் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு போனை எடுத்தாலே, "மேனேஜரம்மா சாப்பிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

நான் தங்கியது தம்மண்ணன் வீட்டு மாடி அறையில். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பீடி, சிகரெட்டால் வந்த பெயர் இல்லை. தம் பிடித்துக் கடலுக்கடியில் மூன்றரை நிமிஷம் இருப்பார். சிலிண்டர் கிடையாது, ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூழ்கிச் சிப்பி எடுப்பார். முப்பது வருடமாக அதுதான் தொழில். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். முதல் நாள் பையைக் கீழே வைப்பதற்குள் அண்ணி கேட்டார்.

"தனியாவா வந்திருக்க? வீட்ல எப்படி விட்டாங்க?"

"அவங்க விடல அண்ணி. நானா வந்தேன்."

"வாயப் பாரு. இத கல்லக் கட்டிக் கடல்ல போட்டாலும் பேசிக்கிட்டே மேல வந்துரும்."

நல்ல மனிதர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு நாள் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கரையோரம் பூராவும் கலங்கல். நாலு மீட்டரில் தட்டு மறைந்துவிடும். ஏழாம் நாள் காலை தம்மண்ணன் தானாகவே, "வாம்மா, ஒரு எடம் காட்டுறேன்" என்று படகில் கூட்டிப் போனார். அரை மணி நேரத் தூரத்தில், தண்ணீருக்கடியில் ஒரு பாறைக்கூட்டம். பதினெட்டு மீட்டர் வரை தட்டு தெரிந்தது. மஞ்சள் மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. நான் படகிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார். அந்த இடத்தை அதுவரை அவர் யாருக்கும் காட்டியதில்லையாம். வீட்டில் ஒரு பெண் பிள்ளை ஆறு நாளாக வாடிய முகத்தோடு சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று அண்ணியிடம் சொன்னாராம்.

ஒன்பதாம் நாள் எம்.டி. வந்தார். படகுத்துறையில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். பாறையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்மண்ணன் முந்திக்கொண்டார்.

"பாப்பா ஆறு நாளா சேத்தத்தான் சார் அளந்துக்கிட்டு இருந்துச்சு. போனாப் போகுதுன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

எம்.டி. வயிறு குலுங்கச் சிரித்தார். படகுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். தம்மண்ணன் கிண்டலாகத்தான் சொன்னார், அதில் விஷம் எதுவும் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

காரில் ஏறும்போது எம்.டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ஞாயித்துக்கிழமையோட முடிச்சிட்டு ஆபீசுக்கு வந்துடு. போன்ல கஸ்டமர்கிட்டப் பேசுற சீட்டு ஒண்ணு காலியா இருக்கு. உனக்குத்தான் நல்லாப் பேச வருமே. சென்டர இவரே பாத்துக்கட்டும். வர்றவங்களுக்கு இந்த மாதிரி ஆளத்தான் பிடிக்கும். கிட்டப் போனா கடல் வாசன அடிக்கணும்."

அப்பா மேல் அடிக்கிற சிமென்ட் வாசனை வீட்டை விட்டுப் போக வேண்டும் என்றுதான் நான் படித்தேன். இப்போது வாசனை அடிக்கிற ஆள்தான் வேண்டுமாம். "சரி சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் விருந்தாளிகள் இரண்டு பேர் வருகிறார்கள், தம்மண்ணன்தான் அவர்களைக் கீழே கூட்டிப்போக வேண்டும், அதற்குள் சிலிண்டரில் பழக்கி, பயிற்சிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். முறையாகச் செய்தால் நாலு நாள் பயிற்சி. எனக்கு இருந்தது இரண்டரை நாள்.

அந்தப் படிவத்தில் இருபத்திரண்டு விதிகள் இருக்கின்றன. எல்லாம் இங்கிலீஷ். படித்துப் புரிந்துகொண்டேன் என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம், கீழ் வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தம்மண்ணன் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு இதெல்லாம் பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்மா. நீ படிச்சுச் சொல்லு, நான் மனசுல வாங்கிக்கிறேன்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் கட்டைவிரல் கோடவுன் பெல்ட்டில் சிக்கிப் போய்விட்டது. சூப்பர்வைசர் வீட்டுக்கே வந்து, ஒரு தாளைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிப் போனார். பாதியைத்தான் படித்தார் என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. இனி நஷ்டஈடு எதுவும் கேட்டு வர மாட்டேன் என்பது மீதிப் பாதியில் இருந்தது. அம்மா அன்றைக்கு என் பையைத் தூக்கி என் மடியில் போட்டு, "நீயாவது நாலெழுத்து படிச்சுத் தொலை. இனிமே எவனும் நமக்குப் படிச்சுக் காட்ட வேண்டாம்" என்றாள்.

நான் படிக்க ஆரம்பித்தேன். பொறுமையாக, ஒவ்வொரு வரியாக, அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். அண்ணி எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்துதான் தெரியாது, எண் தெரியும்.

"ரெண்டுலேர்ந்து ஆரம்பிக்கிற?"

"ஒண்ணாவது சும்மா பேர் எழுதுற எடம் அண்ணி."

ஒன்றாவது விதி இது: தண்ணீருக்கடியில் எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே, மேலே வரும்போது விட்டுக்கொண்டே வா. சிலிண்டர் காற்று ஆழத்தில் அழுந்தி இருக்கும், மேலே வர வர விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். வெறும் தம் பிடித்து முழுகுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் உள்ளே வைத்திருப்பது கரையில் இழுத்த காற்று. சாதாரண விருந்தாளி இந்த விதியை மறந்தாலும் பழக்கத்தில் மூச்சு விட்டுவிடுவான். முப்பது வருடம் மூச்சை அடக்கியே சோறு தின்றவர் விட மாட்டார். இருபத்திரண்டு விதிகளில் அவருக்குச் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான். மீதி இருபத்தொன்றையும் சொன்னேன்.

அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நான் இங்கிலீஷில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கரையோரம் மூன்று மீட்டர் ஆழத்தில் பழகினோம். சிலிண்டரோடு மேலே வருகிறவர் தலைக்கு மேல் குமிழி எழும். அவருக்கு எழவில்லை. ஏறி வந்து மாஸ்கைக் கழற்றியவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க கொஞ்சம் அடைக்கிற மாதிரி இருக்கே. நான் எதாச்சும் தப்பாப் பண்றனா?"

"புதுசுல அப்படித்தான் அண்ணே இருக்கும்."

"பாத்தியா, உன் சிலிண்டர்ல பாதிகூடத் தீரல. காத்த மிச்சம் புடிச்சிருக்கேன்" என்று சிரித்தார்.

"உங்க அளவுக்கு யாரு அண்ணே வர முடியும்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடல் அமைதியாக இருந்தது. புருஷன் பெண்டாட்டியாக இரண்டு விருந்தாளிகள், தம்மண்ணன், நான். பதினான்கு மீட்டருக்கு இறங்கினோம். மீன்கள் எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே கை காட்டினார். அவரை மாதிரி வழிகாட்டி எந்த ஊரிலும் கிடையாது, இதை நான் மனப்பூர்வமாகச் சொல்கிறேன். நேரம் முடிந்து மேலே போக சைகை காட்டினேன். விருந்தாளிகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், முதல் விதியிலிருந்து. அவர்கள் குமிழி விட்டுக்கொண்டே மெதுவாக ஏறினார்கள். தம்மண்ணன் எப்போதும் ஏறுகிற மாதிரி ஏறினார். நெஞ்சு நிறைய இழுத்து, வாயை இறுக்கி, இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே உதை. கை நீட்டினால் அவர் கால் எட்டும் தூரத்தில் இருந்தேன். விருந்தாளிகள் இரண்டு பேரும் என் பொறுப்பில் இருந்தார்கள். நான் கையை நீட்டவில்லை.

நாங்கள் மேலே வந்தபோது அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிவப்பு நுரைதான் வந்தது. பிடி விட்டது.

ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் வாயோடு வாய் வைத்து ஊதினேன். படகும் வண்டியுமாக ஒரு மணி பத்து நிமிஷம். ரிப்போர்ட்டில் நான் எழுதியிருந்ததும் அதேதான், ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டருக்கு டைவிங் பற்றித் தெரியாது. என்ன நடந்தது என்று என்னைத்தான் கேட்டார். "கீழேயே நெஞ்சு வலிக்குதுன்னு காட்டினார்" என்றேன். மாரடைப்பு என்று எழுதினார். ஊரில், படித்த பெண், கடைசி வரைக்கும் விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எம்.டி. போனில், "நீயே அங்க இருந்து பாத்துக்கோ" என்றார். அப்பா கூப்பிட்டு, "யாரோ ஒருத்தர் போயிட்டாராமே, நீ பத்திரமா இருக்கியா கண்ணு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் போனை நான் எடுக்கவில்லை. போனைப் பிடித்திருக்கிற அந்தக் கைதான் கண்ணுக்குள் வருகிறது, கட்டைவிரல் இல்லாத கை.

எட்டு நாள் கழித்து அண்ணி மாடிக்கு வந்தார். கையில் அந்தப் படிவம். தம்மண்ணனுடைய நகல்.

"இதுல எத அவரு செய்யாம விட்டாரு? படிச்சுச் சொல்லு. நான்தான் போங்க போங்கன்னு அனுப்புனேன். அதான் கேக்குறேன்."

படித்தேன். ஒவ்வொன்றுக்கும், "இதச் செஞ்சாரா?" என்று கேட்டார். "செஞ்சார் அண்ணி" என்றேன். இருபத்திரண்டு வரைக்கும் வந்தோம்.

"அப்ப எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காரு."

"ஆமா அண்ணி."

அவர் விரல் தாளின் மேல் பக்கம் போய் நின்றது. "இந்த ஒண்ணு?"

"அன்னிக்கே சொன்னேனே. பேர் எழுதுற எடம்."

அந்த அச்சடித்த வரியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தம்மண்ணன் போட்ட கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அவரு பேரு எங்க?"

அவர் தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நாலு வீடு தள்ளி மருந்துக்கடை. கடைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியும். திரும்பி வந்தவர் என்னைத் திட்டவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து, தெருவில் கொண்டுபோய் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள், மேடம். எனக்கு மறதி கிடையாது. விருந்தாளிகள் முன்னால் அவருக்குச் சின்னதாக ஒரு வலி வந்து, படித்தவள் ஒருத்தி அங்கே வேண்டும் என்று எம்.டி.க்குத் தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமையே அந்த வலி வந்துவிட்டது. என்ன தப்பு செய்கிறேன் என்று அவரே கேட்டும்விட்டார். அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை என்றால், நான் நினைத்தது சின்ன வலியை இல்லை. அவரை நான்தான் கொன்றேன்.

அண்ணி மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் ரிப்போர்ட்டை முடித்து அனுப்பிவிட்டேன். உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் முகம் சுளித்தீர்கள். வேறு யாரைப் போடுவது, மேடம்? வருகிறவர்களுக்கு அந்த முதல் விதியைப் பொறுமையாக, புரிகிற மாதிரி சொல்லிக்கொடுக்க அங்கே ஒருத்தர் வேண்டாமா?