படத்தில் விழுந்த கை

பழைய பிஸ்கட் டின்னில் ஊசியால் ஒரு துளை போட்டால் அதுவே கேமரா ஆகிவிடும், ஐயா. உள்ளே படத்தாளை ஒட்டி மூடிவிட வேண்டும். துளையை மறைத்த பட்டையை எடுத்ததும் வெளிச்சம் நிதானமாக உள்ளே இறங்கும். அறைக்குள் ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம்.

பத்தொன்பது வருடமாக நான் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவன். "நேரா பாருங்க, அசையாதீங்க, அவ்வளவுதான்." இந்த மூன்றையும் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. அதனால்தான் ஒரு வருடப் புகைப்படப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். புதுமுறைப் படங்கள் பன்னிரண்டு கேட்டார்கள். பதினொன்று தயார். எல்லாவற்றிலும் என் அக்காதான். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள். வேறு யார் எனக்காக நாற்பது நிமிடம் உட்காருவார்கள்?

அந்தப் பதினொன்றிலும் அவளுக்குக் கண் இல்லை. மனிதர்கள் இமைப்பார்கள், சிரிப்பார்கள். அசைவது எதுவும் அந்தத் தாளில் நிற்காது.

"என்னடா இது, பேய்க்குப் பவுடர் பூசின மாதிரி இருக்கேன்" என்பாள். "வாயை மூடிக்கிட்டு நாப்பது நிமிஷமா? என் கல்யாணத்தன்னிக்கே நான் அப்படி உக்காரலயே."

"இன்னிக்கு ஒரு நாள்க்கா. நாளைக்குக் கடைசித் தேதி."

"சரி, சரி. பிஸ்கட்டைத் தின்னது நான், பேரு வாங்கப்போறது நீ."

மதியம் இரண்டு மணி. திரை ஆடக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினேன். பக்கத்துக் குளியலறையில் படம் கழுவும் மருந்துகளைக் கலந்து வைத்திருந்தேன். அந்த நெடி அவள் ஆஸ்துமாவுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். தலை சாயாமலிருக்க நாற்காலியில் மரத்தாங்கி ஒன்று பொருத்தினேன். அவள் மடியில் இன்ஹேலர் இருந்தது. பளபளவென்று படத்தைக் கெடுக்கும் என்று எடுத்து, டின்னுக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு: பேசக் கூடாது; முடியவில்லை என்றால் வலது கையைத் தூக்க வேண்டும்.

அவள் கையைத் தூக்கவே இல்லை என்றும், நான் குளியலறையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன் என்றும் முதலில் உங்களிடம் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தீர்கள். தோள் உயரத்தில் பனி மாதிரி ஒரு கை. அதன் வழியாகப் பின்னால் திரையின் கோடுகள் தெரிகின்றன. ஒரு நிமிடம் தூக்கிய கை அந்தத் தாளில் விழாது. அது ஐந்து நிமிடம் தூக்கிய கை. நான் இந்தத் தொழிலில் இருப்பவன்; பொய் சொல்லிப் பயனில்லை.

இருபத்திரண்டாம் நிமிடம் தூக்கினாள். நான் டின்னுக்குப் பக்கத்தில்தான் கடிகாரத்தோடு நின்றேன். மூச்சில் விசில் கேட்டது. சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விசில். அது கேட்டால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் எட்டு வயதில் என் வேலை.

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா. கைய இறக்கு, படத்துல விழுந்துடும்" என்றேன்.

இருபத்தேழாம் நிமிடம் இறக்கினாள்.

எழுந்து போயிருக்கலாமே என்று கேட்டீர்கள். எழுந்தால் படம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நாளைதான் கடைசித் தேதி என்பதும் தெரியும்.

முப்பதாம் நிமிடம் விசில் நின்றது. மூச்சு சீராகிவிட்டது என்று நினைத்தேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். நான் அவளைப் பார்த்தேன். இமைக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதையும் முடித்தேன்.

பிறகு டின்னை எடுத்துப் போய்ச் சிவப்பு விளக்கில் தாளைக் கழுவினேன். மூடிய டின்னுக்குள் தாள் ஒரு வாரமானாலும் கெடாது. ஆனாலும் கழுவினேன். எல்லாம் சேர்த்து ஒன்பது நிமிடம். அதற்கப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் பன்னிரண்டு படங்களையும் நேரில் கொடுத்தேன். தேர்வுக்குழுவில் இருந்த ஒரு பெண்மணி கடைசிப் படத்தைக் கீழே வைக்கவே இல்லை. "கண்ணு எப்படிங்க விழுந்துச்சு? நாப்பது நிமிஷம் யாரும் இமைக்காம இருக்க முடியாதே?" என்றார். அக்கா ரொம்பப் பொறுமைசாலி என்றேன். அன்று சாயங்காலமே அவர் உங்களைக் கூப்பிட்டார் போலிருக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு முடிந்ததும் அந்தப் படத்தை மட்டும் என்னிடம் திருப்பித் தரச் சொல்லுங்கள். மற்ற பதினொன்றிலும் அவளுக்குக் கண்ணே இல்லை. இது ஒன்றில்தான் என்னையே பார்க்கிறாள். கோபமே இல்லை, பாருங்கள்.