ஒரு பிரிட்ஜ் போதும்

வெயில் காலத்தில் இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி வழிந்துவிடும். வடக்குப்பட்டில் வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்தது அதனால்தான், இன்ஸ்பெக்டர் மேடம்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்துப் போர்ஷனுக்கும் ஒரே மீட்டர். யூனிட் கூடினால் ரேட்டும் கூடும். பில்லைப் பார்த்து என் வீட்டுக்காரர் கோபால் தலையில் கை வைத்தார். வழி சொன்னவள் குடித்தனக்காரி செல்வலட்சுமி. திருநெல்வேலிப் பெண்; புருஷன் வேல்ராஜோடு ஒரகடத்துக் கம்பெனிக்குப் போகிறவள்.

"ரெண்டு பிரிட்ஜ் எதுக்குக்கா? எங்களுத நிறுத்திருதேன். உங்களுதுல என் இன்சுலின் டப்பாவுக்கு மட்டும் ஒரு ஓரம் தாங்க. சூடு பட்டா மருந்து செத்துரும்" என்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை.

அடுத்த பில் குறைந்தது. கோபாலுக்கு வாயெல்லாம் பல். "அந்தப் பொண்ணுக்கு இன்னா மூளை பாரு ராஜம்மா. நீயும்தான் கீறியே" என்றார். என் இத்தனை வருஷச் சிக்கனம் அவர் கண்ணில் படவே இல்லை. அவள் பூ வைத்துக்கொண்டால் வேல்ராஜ் பார்க்கிற பார்வையையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறாமை என்று எழுதாதீர்கள். வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

அவளைவிட மிச்சம் பிடித்துக் காட்ட நினைத்தேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியதும், அவர்கள் வேலைக்குப் போன பிறகு தினமும் பிரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்துவைத்தேன். வாடை அடிக்கக் கூடாதே. ஷிப்ட் விடும் நேரத்துக்கு மறுபடி போட்டுவிடுவேன். ஷீட் போட்ட வீடு. பகலில் சுவரே சுடும்.

அவள் வாடிப்போனாள். தண்ணீராய்க் குடித்தாள். ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று என்னிடம்தான் வந்து அழுதாள். தலையைத் தடவி, வேளைக்குச் சாப்பிடச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. உயிரோடு திரும்பவில்லை.

கரண்ட்டை மிச்சம் பிடிப்பது குற்றமா, சொல்லுங்கள். பில் இன்னும் குறைந்து வந்தது. அப்போதும் கோபால், "எல்லாம் அந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்த வழி" என்று செத்தவளைத்தான் மெச்சினார்.

எங்கள் பால் மட்டும் எப்படிக் கெடவில்லை என்று கேட்கிறீர்கள். அணைப்பதற்கு முன்னால் அதை எடுத்து ஒரு மண்சட்டித் தண்ணீரில் இறக்கிவிடுவேன். பெரிய சட்டி, மேடம். அவள் டப்பாவுக்கும் அதில் இடம் இருந்தது.