ஸோலோவுக்குப் போடும் பிக்கப்

"என் கிட்டாருக்குள்ள வேற எவனோ கையை விட்டிருக்கானாம்."

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இது காதில் விழுந்தது. எழுபதை ஒட்டிய இரண்டு நண்பர்கள், ஒரு காலத்தில் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. விற்பதற்காகத் தில்லை நகர்க் கடையில் கிட்டாரைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

"பழைய ஜப்பான் கிட்டார், நல்ல விலை போகும்னுதான் கடைக்காரன் ஆரம்பிச்சான். பிரிச்சுப் பார்த்துட்டு, கம்பிக்குக் கீழ சத்தம் வாங்குற பிக்கப்ல ஒண்ணு ஒரிஜினல் இல்லை, பாதி விலைதாங்கிறான். என் கையைத் தவிர வேற கை படலைன்னு சத்தியம் பண்ணிட்டு வர்றேன் பஷீரு."

பஷீர் காவிரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பட்டிருக்குடா ராஜு."

"யார் கை?"

"நாம வாசிக்க ஆரம்பிச்ச புதுசுல, முசிறிக் கச்சேரில மழை பேஞ்சுச்சுல்ல. நீ சாப்பிடப் போயிருந்தே. கிட்டார் பெட்டியை மூட மறந்துட்டேன். தண்ணி இறங்கி ஒண்ணு போயிருச்சு. உனக்குத் தெரியாம ரேடியோ மெக்கானிக்கிட்ட உள்ளூர் பிக்கப் வாங்கி மாத்திட்டேன்."

"கடைல நான் மல்லுக்கு நிக்கிறேன், நீ ஃபேனைப் பார்த்துக்கிட்டு நின்னியே."

"பயம்டா. இப்பவும்தான்."

பாலம் முடிந்ததும் ராஜு அவர் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பிக்கப்?"

"நீ தனியா வாசிக்கிற ஸோலோவுக்கு சுவிட்சைத் தட்டிப் போடுவியே, அது."

ராஜு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஊர் ஊரா கை தட்டினது அந்தச் சத்தத்துக்குத்தானடா. இதை இனிமே எப்படி விக்கிறது? பாதி உன்னுதுல்ல."