விளக்குப் பட்டைக்குள் கிடந்த கண்ணாடிக் காம்பு

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள மாடி வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறேன். கார்களின் பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி மாட்டுவது என் தொழில். ஒரு கிளிப்பைக்கூட உடைக்காமல் எடுப்பேன் என்பதால் பட்டறைத் தெருவில் எனக்கு ‘கிளிப்பு’ என்றே பெயர். காவல் நிலையத்தில் யாரும் மிரட்டி நான் இந்த வாக்குமூலத்தைச் சொல்லவில்லை.

இருபத்திரண்டு நாட்களுக்கு முன், காலை ஆறு மணி வாக்கில் நடக்கப் போன என் அப்பாவை ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. பால் வண்டிக்காரர் வந்து சொல்லி நாங்கள் ஓடியபோது உயிர் இல்லை. ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார், உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் கிடந்த அவருடைய மூக்குக் கண்ணாடியில், காதில் மாட்டும் காம்பு ஒன்று இல்லை. அதன் பிறகு ஒரு வாரம் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் கூடவே இருந்தார். சாப்பிடச் சொல்லி என்னை அதட்டியவரும் அவர்தான்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு மச்சான் தன் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இடப்பக்க முன்விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, விளக்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பட்டையின் ஓரம் சற்றுத் தூக்கிக்கொண்டு நின்றது. நாய் குறுக்கே வந்ததாகச் சொன்னார். “வெளிய விட்டா ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பி ஓரத்தைக் கடிச்சு வச்சிருவானுங்க மாப்ள. நீன்னா அலுங்காம எடுப்ப” என்றார். அவர் காரைத் துடைக்கும் துணி எங்கள் வீட்டுத் துண்டைவிடச் சுத்தம் என்று என் மனைவியே கேலி செய்வாள். எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதன் பிறகு, வழக்கம்போல் பட்டையின் இடுக்கில் சோப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். மண் இருந்தால் இழுக்கும்போது பெயிண்டில் கீறல் விழும். அதன் பிறகு வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டுப் பிளாஸ்டிக்கை இளக வைத்து, ஓரத்தில் டேப் ஒட்டி, இரும்பு படாமல் பிளாஸ்டிக் நெம்பியால் ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்தேன். மொத்தம் ஆறு. நான்காவது விட்டதும் பழுப்பு நிறக் காம்பு ஒன்று என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. அதன் முனையில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. திருகாணி தொலைந்துபோனதால் அப்பாவுக்கு நான் சுற்றிக் கொடுத்த கம்பி அது. அப்படியும் மீதி இரண்டு கிளிப்பை உடையாமல் கழற்றி, துணி விரித்துப் பட்டையை அதன்மேல் வைத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. ரத்தக் கறை ஏதாவது இருந்திருந்தால் அதையும் நானே கழுவிவிட்டேன் என்பது இங்கே காவல் அதிகாரி சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதன் பிறகு, டீ குடித்துக்கொண்டிருந்த மச்சானிடம் காம்பைக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்தார். “சத்தியமா இடிச்ச பிறகுதான் மாப்ள மாமான்னு தெரிஞ்சுது” என்று அழுதார். ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். “நின்னேன். அவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. நான் கார விட்டு எறங்கல, ஒரு வார்த்தை பேசல. அவரேதான் என்னைப் பார்த்து, ஒண்ணுமில்ல நீ போங்கற மாதிரி கையை ஆட்டுனாரு” என்று சொல்லி, ஆட்டியும் காட்டினார்.

வீட்டில் என் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டாள். “மாமாவே மன்னிச்சு அனுப்பிட்டாருங்க. நாம எதுக்குங்க அண்ணனைப் பிடிச்சுக் குடுக்கணும்?” என்றாள். நானும் அதை நம்பத்தான் பார்த்தேன்.

என் அப்பா கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்கும் என்னையே யார் என்று கேட்பார். மச்சான் காட்டிய அந்தக் கை அசைவை இன்று காலை நானே செய்து பார்த்தேன். குளித்துவிட்டு வந்து, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று அப்பா தினமும் கையை அப்படித்தான் துழாவுவார். அவர் யாரையும் போகச் சொல்லவில்லை.

காம்பையும் பட்டையையும் ஒப்படைத்துவிட்டேன். நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அனைத்தும் உண்மை, இதில் மாற்ற எதுவும் இல்லை.

(கையொப்பம்)