குளிருக்குப் பழக்குறது

அந்தப் பெட்டிய மட்டும் நகத்தாதீங்க தம்பி. தொப்பிய ஸ்டூல் மேல வைங்க. ஜன்னல் முழுக்க நாத்துதான். மார்ச் மாசம் நம்ம ரஷ்யாவுல, அதுலயும் இந்த பெர்ம் ஊர்ல எந்த வீட்டு ஜன்னல்ல இல்ல? உங்கம்மா வீட்லயும் இருக்குமே. இருக்கா? அப்ப உங்களுக்குப் புரியும்.

ஆமா, காலைல சத்தம் வந்துச்சு. கீழ் வீட்டு ரயீசாதானே போன் பண்ணா? வேற யாரு பண்ணப் போறா. சொல்றேன், இருங்க. இந்தாங்க டீ, குடிச்சுகிட்டே கேளுங்க. போலீஸ்காரங்களுக்கு அவசரம் இருக்கும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

இது குடமிளகா. பிப்ரவரிலயே போட்டுடணும். ஈரத்துணில முடிஞ்சு ஹீட்டர் மேல வச்சு, முளை கண்டப்புறம் தயிர் டப்பால மண்ணு போட்டு ஊணணும். தக்காளி செத்தாக்கூட மறுபடி போட்டுக்கலாம். குடமிளகா போச்சுன்னா அந்த வருஷமே போச்சு. காய்க்கறதுக்குள்ள பனி வந்துடும். எனக்குப் புள்ளையா குட்டியா? காலைல எந்திரிச்சா இதுங்க மொகத்துலதான் முழிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஆர்கடிக்கு இதுங்களக் கண்டாலே ஆகாது. போன வருஷம் கொதிக்கிற கெட்டில எடுத்துட்டு வந்து ஒவ்வொரு டப்பாலயா ஊத்தினார். நான் குறுக்க போனேன். இந்தச் சுண்டுவிரலப் பாருங்க, இன்னும் மடங்காது. கெட்டில் கை தவறிக் கொட்டிடுச்சுன்னு ஆஸ்பத்திரில சொன்னேன். அதுக்கு முந்தின வருஷம் மண்ண அள்ளி என் வாயில திணிச்சார். உன் புள்ளைங்க தின்றதுதானே, நீயும் தின்னுடின்னு. ரெண்டு நாள் பல்லுல நறநறன்னு இருந்துச்சு. அடிக்கிற கைதான் அணைக்கும்னு ரயீசா சொல்லுவா. பதினெட்டு வருஷமா எப்ப அணைக்கும்னு பாத்துட்டு இருக்கேன்.

அவளுக்கு வருஷா வருஷம் பத்து நாத்து குடுப்பேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. சொல்லவும் கூடாது, நாத்துக்கு நன்றி சொன்னா வேர் பிடிக்காது, அது எனக்கும் தெரியும். ஆனா ஒரு நாளாவது மாடியேறி வந்து கதவத் தட்டியிருக்கலாம்ல?

எதுக்கா? கேளுங்க. தோட்டத்துல நடறதுக்கு முன்னாடி நாத்தக் குளிருக்குப் பழக்குவோமே. மொத நாள் அஞ்சு நிமிஷம் பால்கனில வச்சு எடுப்போம், மறுநாள் பத்து நிமிஷம். அதப் பாத்துட்டு ஆர்கடி என்னையப் பழக்க ஆரம்பிச்சார். நடு ஜனவரில, உள்பாவாடையோட, வெறுங்கால்ல. மொத வருஷம் அஞ்சு நிமிஷம், அடுத்த வருஷம் பத்து. இந்த ஜனவரில முக்கா மணி நேரம் நின்னேன். ஒரு தடவ பால்கனிக் கதவுக் கண்ணாடிய ஒடைச்சு உள்ள வந்துட்டேன். அதுலேர்ந்து கண்ணாடியே வேணாம்னு முழுசும் தகரம் அடிச்சுட்டார், உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் வேற. கைவேலைல அவரக் குத்தம் சொல்ல முடியாது. அந்தத் தகரத்துல நான் ரெண்டு கையாலயும் அடிப்பேன். அடிக்க அடிக்க ரயீசா டிவி சத்தத்தக் கூட்டுவா. எனக்குக் கேக்கும் தம்பி.

இன்னிக்கு என்ன நாளு? மார்ச் எட்டு, பெண்கள் தினம். ஊரே பொண்டாட்டிக்குப் பூ வாங்கிட்டு வருது. நான் பூவக் கேக்கவே இல்ல. இவர் விடிஞ்சதும் ஒரு பாட்டில முடிச்சுட்டு, நான் கேட்டதா அவரே நெனச்சுகிட்டு, முடியப் பிடிச்சு இந்த மேசை முனைல மோதினார். அதான் இந்தக் கட்டு. மறுபடி ரத்தம் கசியுதா? விடுங்க, காஞ்சுடும். அப்புறம் குடமிளகாப் பெட்டி நாலையும் தூக்கிட்டுப் போய் பால்கனில வச்சார். வெளிய மைனஸ் இருபத்திரண்டு. அங்கயே பனியனோட நின்னு ஒரு சிகரெட்டப் பத்த வச்சுகிட்டு, இதுங்களையும் பழக்குவோம், முடிஞ்சா எடுத்துக்கோடின்னு சிரிச்சார்.

எடுத்தேன். ஒவ்வொரு தடவ குனியும்போதும் முதுகுல மிதிச்சார். மிதிக்கட்டும்னு ஒண்ணொண்ணா உள்ள கொண்டாந்தேன். நீங்க நகர்த்தப் பாத்தீங்களே, அதான் கடைசிப் பெட்டி. இலையெல்லாம் கருகிடுச்சு, ஆனா குருத்து பச்சையா இருக்கு பாருங்க. பொழச்சுக்கும்.

அத எடுத்துட்டு உள்ள வந்தேன், கதவச் சாத்தினேன். சாத்தலன்னா குளிர் உள்ள வந்துடுமே.

ஆர்கடி எங்கயா? சத்தம்னு கேட்டுத்தானே வந்தீங்க? ஒம்பது மணிக்குத் தட்ட ஆரம்பிச்சார். திட்டினார், அப்புறம் கெஞ்சினார். லிதியா, லிதியான்னு பேரு சொல்லிக் கூப்பிட்டார். என் பேரு ஞாபகம் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நான் பொழச்ச நாத்துக்கு மண்ணு அணைச்சுகிட்டு இருந்தேன். பதினோரு மணிக்கு மேல சத்தமில்ல. இப்ப ஒண்ணு ஆகப் போகுது.

நான் தட்டின காலமெல்லாம் ஒருத்தரும் உங்களக் கூப்பிடல. அவன் ஒரு நாள் தட்டினான், வந்துட்டீங்க.

டீயக் கொட்டிட்டீங்களே, பரவால்ல. அந்த ரூமுலதான் பால்கனிக் கதவு. தாழ்ப்பாள் இறுகிக் கெடக்கும், மேல தூக்கி இழுங்க. வெளிய போனதும் கதவச் சாத்திடுங்க தம்பி. குடமிளகா தாங்காது, இன்னும் குளிருக்குப் பழகல.