வயிறு அதிராத ஆம்ப்

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், டிக்கெட் தொலைந்துவிடுமோ என்று கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் மடியில் பேஸ் கிட்டார். அதன் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வாங்கப் போகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“வயிறு அதிராத ஆம்ப்பா பாத்து வாங்குங்க,” என்றாள்.

“பேஸுன்னா அதிரத்தான் செய்யும் புள்ள. சின்னதா வாங்கினா டிரம்ஸ் சத்தத்துல எங்கிட்டுக் கேக்கும்? அப்புறம் கச்சேரிக்கு எவன் கூப்புடுவான்?”

“நீங்க வீட்ல வாசிச்சா பிள்ள உள்ள ஒதைக்கும். அது வயித்துலயே போயிருச்சு. ஆனா இன்னும் அதிர்ந்தா கைய வச்சுப் பாத்துடுறேங்க.”

திருவரங்குளம் தாண்டியதும் அவன் கிட்டாரை மடியிலிருந்து இறக்கிக் காலருகே வைத்தான்.

“அப்ப வீட்ல ஹெட்போன் மாட்டிக்கிறேன். கச்சேரிக்கு மட்டும் ஆம்ப்பு.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வேணாங்க, பெருசாவே வாங்குங்க. அதிராமலே இருந்தா இன்னும் பயமா இருக்கும்.”